அட்டவணை எக்ஸ் அவர்கள் சமூகத்துக்கு

அனுப்புநர்:
லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதும் ஒருத்தி, வயது 39,
ஆலத்தியூர், செந்துறை வட்டம், அரியலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு அட்டவணை எக்ஸ் அவர்கள்,
மருந்துகள் விதிகள் 1945, புது தில்லி.

பொருள்: எங்கள் பக்கம் ஒரு பூட்டு வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்களுடைய 65ஆம் விதி. 2. என்னுடைய இதே மனு, போன ஆடியில் எழுதத் தொடங்கியது.

ஐயா,

மனு எழுதுகிறவர்கள் ‘தங்கள் மேலான கவனத்திற்கு’ என்று தொடங்குவது வழக்கம். நான் அப்படித் தொடங்குவதில் கூடுதல் நியாயம் உண்டு. எனக்குக் கவனம் குறைவு என்று டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆகவே இந்த மனுவுக்கு வேண்டிய கவனம் முழுவதையும் தாங்களே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

எனக்கு இருப்பது ஏ.டி.ஹெச்.டி. தமிழில் ‘கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு’ என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயரைப் படித்து முடிப்பதற்குள் என் வகையறா எழுந்து போய்விடும். எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர்கள் இருந்தன. அம்மா ‘கால்ல சக்கரம்’ என்றார். பள்ளிக்கூட டீச்சர் ‘புத்தி இருக்கு, பொறுப்பு இல்லை’ என்று ரேங்க் கார்டில் எழுதினார். கல்யாணத்துக்குப் பிறகு ‘பாலைப் பொங்க விடுறவ’ என்று ஆனேன்.

இது தெரிய வந்ததே பையனால்தான். அவனைக் காட்டத் திருச்சிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் வரிசையாகக் கேட்டார். பென்சிலைத் தொலைக்கிறானா? பெஞ்சை விட்டு எழுந்து போகிறானா? கேள்வி முடியுமுன் பதில் சொல்கிறானா? இந்தக் கடைசிக் கேள்வியை அவர் முடிக்குமுன் நான் ‘ஆமாங்க’ என்றேன். டாக்டர் பேனாவை வைத்தார். “அம்மா, அடுத்த தடவை உங்களுக்கும் ஒரு சீட்டு போட்டுடலாம்” என்றார். இது குடும்ப வழியில் வருவதாம். எங்கள் வீட்டில் நகை வராவிட்டாலும் இது வந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். “மறதிக்கு மாத்திரையா? வல்லாரையைத் தொவையல் அரைச்சுத் தின்னா போவுது” என்றார். அரைத்தேன். மிக்ஸியைப் போட்டுவிட்டு, லாரி ஒன்றுக்கு இ-வே பில் போட்டேனா என்று பார்க்க வாசலுக்குப் போனேன். மீதியைத் தாங்களே ஊகிக்கலாம்.

கவனமே இல்லாதவள் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் எல்லாம் கிரெட்டேசியக் காலத்துக் கடல். கடல் போய்விட்டது, சிப்பியும் நத்தையும் கல்லாகக் கிடக்கின்றன. வாரணவாசியில் அவற்றுக்கென்றே அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். ஒருநாள் டிரைவர் ஒருவர் கொண்டுவந்து மேஜையில் வைத்த அம்மோனைட் புதைபடிவம் ஒன்றைப் பார்த்துக்கொண்டே, அந்தச் சுருளுக்குள் எத்தனை அறை, ஒவ்வொன்றையும் அந்தப் பிராணி ஏன் அடைத்துக்கொண்டே வந்தது என்று செல்போனில் நான்கு மணி நேரம் படித்தேன். வெளியே பதினோரு லாரி டீசல் பில்லுக்கு நின்றது. கவனம் என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது ஐயா. எந்த ஊருக்கு லோடு ஏற்றுவது என்று அது என்னிடம் கேட்பதில்லை.

முதலில் எழுதிக் கொடுத்தது மெத்தில்ஃபெனிடேட், 10 மில்லிகிராம். தங்களுக்கு அறிமுகம் தேவையில்லை, தங்கள் பட்டியலில் இருப்பவர்தான். சுவிட்சர்லாந்தில் சீபா கம்பெனியின் லியாண்ட்ரோ பானிசான் என்கிற வேதியியல்காரர் 1944இல் இதை உண்டாக்கினார். அவருடைய மனைவியின் செல்லப் பெயர் ரீட்டா. அந்த அம்மாள் இதைப் போட்டுக்கொண்டு டென்னிஸ் ஆடினாராம். ரிட்டாலின் என்று பெயர் வைத்துவிட்டார். பெண்டாட்டி பேரில் மருந்து விட்ட புருஷனும் உலகத்தில் இருந்திருக்கிறான் என்று எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “லாரிக்கு உன் பேரை வைக்கலாம்தான். டியூ கட்ட மறந்துடுமோன்னு பயமா இருக்கு” என்றார்.

மாத்திரை என்ன செய்தது என்பதை எங்கள் தொழில் பாஷையில் சொல்கிறேன். எல்லா லாரியும் ஒரே நேரத்தில் எடைமேடையில் ஏறப் பார்க்கும் தலை என்னுடையது. மாத்திரை போட்ட அரைமணி, முக்கால் மணியில் கேட்டில் ஒரு வாட்ச்மேன் வந்து நிற்கிறார். யாரையும் விரட்டுவதில்லை. ஒவ்வொரு வண்டியாக விடுகிறார், அவ்வளவுதான். நான்கு மணி நேரம் டூட்டி. பிறகு சொல்லாமல் போய்விடுகிறார். முதல் நாள், எழுதிய பில்லைத் திருப்பிப் பார்த்தேன். வண்டி நம்பர் சரி, டன் சரி, தொகை சரி. அழுகை வந்தது. 37 வயதில் கணக்கு சரியாக வந்ததற்கு அழுதவளைப் பார்த்து கிளீனர் பையன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

இனித் தங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கள் பட்டியலில் உள்ள மருந்தை விற்கக் கடைக்காரர் 20-எஃப் என்று தனி உரிமம் வாங்க வேண்டும். மருந்தை அதற்கென்றே உள்ள அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும். சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் வாங்கி இரண்டு வருஷம் பத்திரப்படுத்த வேண்டும். யார் வாங்கினார், எந்த ஊர், எத்தனை மாத்திரை என்று பதிவேடு வேண்டும். ஆம்ஃபெட்டமினும் கெட்டமைனும் கூடவே குடியிருக்கும் வீடு என்பதால் இத்தனை காவல். போதாததற்கு 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டமும் வாசலில் நிற்கிறது. மாதம் ஒருத்தி, இரண்டு பேர் வாங்கும் மாத்திரைக்கு இவ்வளவு தலைவலி யாருக்கு வேண்டும்? செந்துறையில் கேட்டேன், இல்லை. அரியலூரில் நான் ஏறி இறங்கிய கடைகளில் இல்லை. ஒரு கடையில் சீட்டைப் பார்த்தவர் அதைத் திருப்பிக் கொடுக்காமல் என்னையே பார்த்தார். “யாருக்கும்மா? வீட்டுக்காரருக்கா? லாரி ஓட்டுறாரா?” என்றார். எனக்குத்தான் என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இதெல்லாம் வேணாம்மா, பொம்பளப்புள்ள” என்றார். நல்ல மனுஷர். பெயரைச் சொல்லமாட்டேன்.

ஆக, திருச்சி. ஆலத்தியூரிலிருந்து செந்துறை, செந்துறையிலிருந்து அரியலூர், அங்கிருந்து ரயில். கணக்கு எழுதுகிறவள் ஆதலால் கணக்கும் சொல்லிவிடுகிறேன். அன்றைய சம்பளம் 500 போச்சு. டாக்டர் ஃபீஸ் 500. வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் 260. இந்த 1,260 ரூபாயில் மாத்திரை இன்னும் வரவில்லை என்பதைக் கவனிக்கவும். மாத்திரை இதில் பாதிகூட இல்லை. மருந்து விலை கட்டுப்படியாகவில்லை என்று அழுகிறவர்கள் எந்த ஊர்க்காரர்களோ, எனக்கு மருந்து மலிவு. மருந்திருக்கும் இடம்தான் விலை.

போனில் பேசிச் சீட்டு வாங்கலாமே என்று பையனின் டீச்சர் யோசனை சொன்னார். கொரோனா வந்த சமயத்தில், 2020 மார்ச் 25ஆம் தேதி, தொலைமருத்துவத்துக்கு அரசு நெறிமுறை போட்டது. காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் போனிலேயே மருந்து எழுதலாம். அட்டவணை எக்ஸுக்குக் கூடாது. தங்கள் பெயரைச் சொல்லியே விலக்கியிருக்கிறார்கள். எத்தனை பேருக்குக் கிடைக்கும் அந்த மரியாதை!

ஒருநாள் ரயிலில் உட்கார்ந்து தங்கள் விதியைப் பரீட்சைத் தாளாகப் படித்துப் பார்த்தேன். தேதி மறக்காமல் போக வேண்டும். இரண்டு சீட்டையும் தொலைக்காமல் கொண்டுபோக வேண்டும். வரிசையில் பொறுமையாக நிற்க வேண்டும். முப்பது மாத்திரை தீர்வதற்கு நான்கு நாள் முன்பே அடுத்த பயணத்தை யோசிக்க வேண்டும். மாதாமாதம், வருஷக்கணக்காக. இதில் தேறுகிறவளுக்கு அந்த மாத்திரையே தேவையிருக்காது ஐயா. நடக்க முடியாதவருக்கான மூன்று சக்கர வண்டியை மொட்டைமாடியில் நிறுத்தி, ஏறிவந்து எடுத்துக்கொள்ளச் சொல்வது போல இருக்கிறது.

நான் மூன்று முறை தோற்றேன். ஒருமுறை ஒரே சீட்டு கொண்டுபோனேன். ஒருமுறை இரண்டு சீட்டையும் கொண்டுபோய், ரயிலில் விட்டேன். ஒருமுறை டாக்டர் ஊரில் இல்லாத வாரத்தில் போனேன். ‘அடுத்த மாதம் இந்த வாரம் இருக்கமாட்டேன்’ என்று அவர் முந்தின மாதமே சொல்லியிருந்தாராம். மூன்றாவது தடவைக்குப் பிறகு டாக்டருக்கே என் மேல் இரக்கம் வந்து, “பூட்டில்லாத மருந்துக்கு மாத்திடலாமா?” என்றார்.

இங்கேதான் நான் ஒன்றைப் புரிந்துகொண்டேன். எனக்கு எந்த மருந்து ஒத்துவருகிறது என்று என் மூளையைக் கேட்டார்கள், அது மெத்தில்ஃபெனிடேட் என்றது. டாக்டரைக் கேட்டார்கள், அவரும் அதையே சொன்னார். தீர்ப்பு எழுதியது அலமாரியின் பூட்டு. மருந்தியல் படிக்காத பூட்டு.

அப்படித்தான் அட்டொமாக்செட்டினுக்கு மாறினேன். சாதாரணச் சீட்டு போதும், அரியலூரிலேயே வரவழைத்துத் தருகிறார்கள். சாதுவான பிள்ளை. ஆனால் வேலைக்கு வரச் சொன்னால் நாலு வாரம், ஆறு வாரம் கழித்துத்தான் வருவான். அதுவரை சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் பத்து நாள் குமட்டல். வாய் சுண்ணாம்புச் சூளை மாதிரி காய்ந்தது. “என்னா, மறுபடியும் விசேஷமா?” என்று அத்தை ஆசையோடு கேட்டார். 40 மில்லிகிராமில் தொடங்கி 80க்கு ஏற்றினார்கள். மில்லிகிராம் ஏற ஏற விலையும் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை போடாமல் விட்டு மிச்சம் பிடிக்கவும் வழியில்லை. தினமும் போட்டால்தான் வேலை செய்யும். பெரிய கேப்சூலை வாங்கிப் பிரித்து இரண்டு பங்காக்கலாமா என்று கேட்டேன். பிரிக்கவே கூடாது, தூள் கண்ணில் பட்டால் எரிச்சல் என்று டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். பலன்? பாதி. வாட்ச்மேன் வருகிறார், நாள் முழுக்க இருக்கிறார், ஆனால் அவருக்கே தூக்கக் கலக்கம். வேறு சிலருக்கு இதுதான் அமிர்தம் என்கிறார்கள், மறுக்கவில்லை. என் எடைமேடைக்கு அவர் ஒத்துவரவில்லை.

விலையைப் பற்றிச் சொன்னேன். தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது, 2022இல் புதுப்பித்தார்கள், 384 மருந்து. புகையை நிறுத்த நிக்கோட்டின் இருக்கிறது. வாழ்க, நல்ல காரியம். என்னுடைய இரண்டில் ஒன்றும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் மெத்தில்ஃபெனிடேட்டைச் சேர்க்கச் சொல்லி 2019இலும் 2021இலும் கேட்டுப் பார்த்தார்கள், இரண்டு முறையும் தள்ளுபடி. தேசியப் பட்டியலில் இருந்தால் அரசு உச்சவிலை வைக்கும். இல்லாவிட்டால் 2013ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கம்பெனிக்காரர் வருஷத்துக்குப் பத்து சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளலாம். 2025 செப்டம்பர் 22ஆம் தேதி மருந்துக்கான ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 ஆனது. மகிழ்ச்சிதான். ஒரு கையில் ஏழு கொடுத்து மறுகையில் பத்து எடுக்க இடம் வைத்திருக்கும் கணக்கை எங்கள் புக்கிங் ஆபீஸில் ‘டிரைவர் பேட்டா’ என்போம். காரணம் கேட்காதீர்கள்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 இன்னும் இனிமையானது. அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்தெல்லாம் அரசு மருத்துவமனைகளில் இலவசம் என்கிறது. பட்டியலில் உள்ளவை! மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு தர வேண்டும் என்கிறது. எங்கள் பாலிசிக்காரரிடம் கேட்டேன். கண்டிப்பாக உண்டு மேடம், ஆஸ்பத்திரியில் 24 மணி நேரம் படுத்திருந்தால் என்றார். 24 மணி நேரம் ஓரிடத்தில் படுத்திருக்க முடியாது என்பதுதானே ஐயா என் வியாதி?

வெளிநாட்டில் தேன் ஓடுகிறது என்றும் நினைக்கவில்லை. 2022 அக்டோபரில் அமெரிக்காவில் அட்டரால் என்கிற ஏ.டி.ஹெச்.டி. மருந்துக்குத் தட்டுப்பாடு என்று அந்த நாட்டு மருந்து நிர்வாகமே அறிவித்தது. அங்கேயும் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். அந்த மருந்து இங்கே விற்பனைக்கே வருவதில்லை. ஈச்சங்காடு ஸ்டேஷனில் நிற்காத எக்ஸ்பிரஸ் எத்தனை மணி நேரம் லேட்டானால் எங்களுக்கென்ன?

இப்படி மாற்றி மாற்றி மருந்து தின்பது உனக்கே அவமானமாக இல்லையா என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். நான் மாவட்டத்தைக் காட்டினேன். நாங்கள் திருச்சி மாவட்டமாக இருந்தோம். 1995இல் பெரம்பலூர் ஆனோம். 2001இல் அரியலூர் ஆனோம். ஒத்துவரவில்லை போல, 2002இல் மறுபடி பெரம்பலூரில் சேர்த்தார்கள். 2007இல் மறுபடி அரியலூர். பன்னிரண்டு வருஷத்தில் நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் ரப்பர் ஸ்டாம்பு, போர்டு, லெட்டர்பேடு செலவு. அரசாங்கத்தின் ரேங்க் கார்டில் யாரும் ‘புத்தி இருக்கு, பொறுப்பு இல்லை’ என்று எழுதவில்லை. நிர்வாக வசதி என்று எழுதினார்கள். நான் மருந்து மாறுவதும் நிர்வாக வசதிதான்.

தங்களைத் திட்டுவதற்காக எழுதவில்லை. பூட்டுக்குக் காரணம் உண்டு என்று தெரியும். பரீட்சைக்கு முன்னால் விழித்திருக்கப் பிள்ளைகள் இதைத் தின்றால் ஆபத்து. பழக்கமாகிவிடக்கூடிய மருந்துதான், டாக்டர் முதல் நாளே சொன்னார். நெஞ்சுத் துடிப்பு பார்த்து, பிரஷர் பார்த்துத்தான் கொடுக்கிறார். பூட்டட்டும். எனக்கு விளங்காதது தங்கள் பயத்தின் அளவுகோல்.

எங்கள் பக்கம் ‘மருந்து’ என்றால் மூன்று. சுரங்கத்தில் வைப்பது ஒன்று. அதற்குக் கிடங்கு, சாவி, பதிவேடு எல்லாம் உண்டு. சரிதான், மலையைப் பிளப்பது. டாக்டர் கொடுப்பது ஒன்று. மூன்றாவது, பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் அடிப்பது. 2017இல் பருத்திக்கு மருந்தடித்த காற்றைச் சுவாசித்தே பெரம்பலூர் மாவட்டத்தில் ஆட்கள் செத்தார்கள். அந்த மருந்தை வாங்க நான் கடைக்குப் போனால் சீட்டில்லை, பிரதியில்லை, ‘பொம்பளப்புள்ள வேணாம்மா’ என்பதும் இல்லை. “எத்தனை ஏக்கர்?” என்பார்கள். ஒரு லிட்டர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரலாம். மலையைப் பிளக்கும் மருந்துக்கும் என் பத்து மில்லிகிராமுக்கும் ஒரே மாதிரிக் காவல் போட்டுவிட்டு, மூன்றாவதைத் திண்ணையில் வைத்திருக்கிறீர்கள்.

ஆகையால் என் கோரிக்கை சின்னது. பூட்டை எடுங்கள் என்று கேட்கவில்லை. எங்கள் பக்கமும் ஒன்று வையுங்கள் என்கிறேன். அரியலூரில் 2022இலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஜில்லாவுக்கு ஒரு அரசு மருந்தகத்திலாவது தங்கள் அலமாரி கட்டாயம் இருக்கும் என்று ஒரு வரி விதியில் சேர்த்தால் போதும். சாவியைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள், பதிவேட்டில் பத்துக் கையெழுத்துப் போடுகிறேன், இரண்டு பிரதிக்கு மூன்றாகவே தருகிறேன். என்னைப் போல அட்டொமாக்செட்டின் ஒத்துவராமல் திரும்பி வருகிறவர்களுக்கு, பழைய மருந்து தொடரும்போது டாக்டர் போனில் சீட்டு எழுத ஒரு சலுகை. நேரில் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து தலையைக் காட்டுகிறேன். அதற்கு மேல் கேட்டால் பேராசை.

பதிலுக்கு அவசரமில்லை. ஆறு வாரம் காத்திருந்து பழக்கம்.

நிலவரம் பின்வருமாறு. நான் போன மாசியிலிருந்து மறுபடி பழைய மெத்தில்ஃபெனிடேட்டுக்கே வந்துவிட்டேன். நீண்ட நேரம் வேலை செய்யும் வகை ஒன்று இருக்கிறது, விலை கேட்டேன், கேட்டதோடு சரி. குட்டை மாத்திரையைத்தான் டாக்டரிடம் சொல்லிவிட்டு சிக்கனம் பிடிக்கிறேன். ஞாயிறு இல்லை, பண்டிகை இல்லை, லோடு தரும் ஆலை ஷட்டவுன் நாளில் இல்லை. தீபாவளிக்கு முறுக்கு கருகியதற்கு மத்திய அரசின் விதியே காரணம் என்று அத்தையிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை.

இன்று காலை பால் பொங்கி அடுப்பு அணைந்தது. டப்பாவைத் திறந்து எண்ணினேன். இரண்டு மாத்திரை இருக்கிறது. திங்கட்கிழமை பதினான்கு லோடு, அன்றைக்கு ஒன்று வேண்டும். இன்னொன்றைத் தொடக்கூடாது என்று வீட்டுக்காரர் சாமி படத்துக்குப் பின்னால் எடுத்து வைத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை இரண்டு சீட்டோடு திருச்சிக்குப் போய் மாத்திரை வாங்கி வருவதற்கு அது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பதிவேட்டில் உள்ளபடி.